மாதிரிக் கையெழுத்து

எங்கள் பக்கத்து அருங்காட்சியகம் ஒன்றில், நுழைந்ததும் இடது கைப்பக்கம், பிராணிகளுக்கென்று ஓர் அறை இருக்கிறது. கண்ணாடி அலமாரிக்குள் பஞ்சடைத்த பறவை ஒன்று. மார்பு வெளுத்துவிட்டது. கண்ணுக்குப் பதில் வைத்த மணிகளில் ஒன்று விழுந்துவிட்டது. காலடியில் ஓர் அட்டை: 'பறவை'. அவ்வளவுதான். அடுத்த தட்டில் ஜாடிக்குள் சுருண்டு கிடப்பதன் மேல் 'பாம்பு, விஷமற்றது' என்று ஒட்டியிருக்கிறது. திருச்செங்கோட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய் இதைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்கு வந்தது கோபம் அல்ல, ஒரு விதமான வெட்கம். அந்த அட்டையை எழுதியவர் எனக்கு அந்நியராகத் தோன்றவில்லை. நம் கவிதைகளிலும் விமர்சனங்களிலும் அடிக்கடி சந்தித்திருக்கிற ஆள்தான் அவர்.

'ஸ்பெசிமன்' என்ற சொல் எங்கள் வங்கியில் தினமும் புழங்கும் சொல். கணக்குத் திறக்க வருகிறவரிடம் முதலில் வாங்குவது ஸ்பெசிமன் கையெழுத்து. பிறகு வருகிற ஒவ்வொரு காசோலையும் அதோடு ஒப்பிடப்படும். அந்தக் கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்கு, யார் முன்னிலையில் போட்டது என்ற விவரம் கூடவே இருக்க வேண்டும். அந்த விவரம் போய்விட்டால் அட்டையில் இருப்பது வெறும் கிறுக்கல். இயற்கை வரலாற்று ஸ்பெசிமனும் இதே ஒழுங்கில்தான் இயங்குகிறது. ஓர் இனத்துக்கு முதன்முதலாகப் பெயர் வைக்கும்போது எந்த உடலைப் பார்த்துப் பெயர் வைக்கிறார்களோ அதுவே அந்த இனத்தின் மூல மாதிரி. பின்னால் எங்கே எது கிடைத்தாலும், இது அதுதானா என்ற சந்தேகம் வந்தால், போய் நிற்க வேண்டியது அந்த உடலின் முன்னால். அதன் காலில் நூலால் கட்டிய சீட்டில் இடம், தேதி, உயரம், பிடித்தவர் பெயர், ஆணா பெண்ணா என்பது இருக்கும். சீட்டு அறுந்த உடல் ஒரு பொம்மை.

நம் பக்கத்தில் இந்தச் சேகரிப்பு தொடங்கியது சென்னையில். 1851-ல் எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவரின் பொறுப்பில் அரசு அருங்காட்சியகம் தொடங்கிற்று. மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டியிடமிருந்த பாறை, தாது மாதிரிகள்தான் அதன் முதல் சொத்து. 1854-ல் எழும்பூரில் பாந்தியன் கட்டடத்துக்குப் போயிற்று. அக்காலத்துச் சேகரிப்பாளர்கள் முழுநேர விஞ்ஞானிகள் அல்ல. பட்டாளத்து டாக்டர்கள், காட்டிலாகா அதிகாரிகள், கலெக்டர்கள். ஜெர்டன் ஒரு டாக்டர். பெட்டோம் பட்டாளத்திலிருந்து காட்டிலாகாவுக்கு வந்தவர். சம்பளம் ஒன்றுக்கு, சிரத்தை வேறொன்றுக்கு என்று வாழ்ந்தவர்கள். வங்கியில் உட்கார்ந்துகொண்டு கவிதை விமர்சனம் எழுதுகிறவனுக்கு இவர்கள் மேல் ஓர் உறவு தோன்றத்தான் செய்கிறது. ஆனால் அந்த உறவை நான் அதிகம் நம்புவதில்லை. அவர்கள் பின்னால் ஒரு சாம்ராஜ்யம் நின்றது.

ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளில் மனம் செலுத்தியவர். 1863-ல் சேர்வராயன் மலையிலிருந்து கிடைத்த ஒன்றுக்கு, ஷார்ட் என்ற மருத்துவரின் பெயரால் 'ஷார்ட்டியை' என்று பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அது தனி இனம் அல்ல என்று சொல்லி, 'சிலானிக்கா' என்ற வேறொரு பெயருக்குள் அதைக் கரைத்துவிட்டார்கள். பல பத்தாண்டுகள் அது இல்லாத பாம்பாக இருந்தது. 2014-ல் நம் ஆய்வாளர்கள் பழைய மாதிரிகளையும் புதியவற்றையும் செதில் செதிலாக ஒப்பிட்டு, பெட்டோம் சொன்னது சரி, இது தனி இனம்தான் என்று நிலைநாட்டினார்கள். நூற்றைம்பது வருஷம் ஸ்பிரிட்டில் கிடந்த உடல் சாட்சி சொல்லிற்று. பாம்பு அதுபாட்டுக்கு ஏற்காட்டு மண்ணுக்குள் நெளிந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு மனிதக் கணக்கில் ஓர் இடம் திரும்பக் கிடைத்தது, அவ்வளவே. ஆனால் அந்த இடம் முக்கியமானது. கணக்கில் இல்லாத ஒன்றைக் காப்பாற்ற எந்தச் சட்டமும் வராது.

இன்னொரு கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. 1929-30-ல் ஆர்தர் வெர்னே என்ற செல்வந்தரின் பணத்தில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஏற்பாட்டில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒரு பெரிய சேகரிப்புப் பயணம் நடந்தது. களத்தில் நின்று நடத்தியவர் லா பெர்சொன். சேர்வராயன், சித்தேரி மலைகளுக்கு வந்தார்கள். சேலம் ஜில்லாவில் குரும்பப்பட்டியிலும் முகாம் போட்டார்கள். பறவைகளைப் பற்றிய அறிக்கையை ஹியூ விஸ்லர், கின்னியரின் துணையோடு, முப்பதுகளில் பல பகுதிகளாக எழுதி வெளியிட்டார். பின்னால் சலீம் அலி ஐதராபாத் சமஸ்தானத்தில் செய்த கணக்கெடுப்பு இந்தப் பயணம் தொடாமல் விட்ட இடத்தை நிரப்பத் தொடங்கியதுதான்.

அதே குரும்பப்பட்டியிலிருந்து போன ஓர் எலிக்கு 1947-ல் பெயர் கிடைத்தது. இன்று கிரெம்னோமிஸ் எல்வீரா என்கிறார்கள். கிரெம்னோமிஸ் என்றால் கிரேக்கத்தில் பாறைச்சரிவு எலி. நாம் கரடு என்று சொல்கிறோமே, அந்தக் கல்லும் முள்ளுமான இடத்தில் இராத்திரியில் திரியும் பிராணி. உலகத்தில் அதற்குச் சொல்லப்படும் முகவரி ஒன்றுதான்: குரும்பப்பட்டி, சேலம் ஜில்லா. பிற்காலத்தில் அது மிகுந்த அழிவு அபாயத்தில் இருக்கும் பிராணிகளின் பட்டியலில் ஏறியது. சேலத்துக்காரனிடம் குரும்பப்பட்டி என்றால் மலையடிவாரத்தில் மான்களையும் மயில்களையும் அடைத்திருக்கிற விலங்குப் பூங்காவைச் சொல்வான். ஊரின் பெயரை உலக விலங்கியலில் எழுதிவைத்த எலியைச் சொல்லமாட்டான். நானும் நாற்பதை எட்டிக்கொண்டிருக்கும் இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த எலிக்குப் பெயர் வைத்தவர் சர் ஜான் எல்லர்மன். கப்பல் கம்பெனி முதலாளி. 1933-ல் அவர் தந்தை இறந்தபோது விட்டுப்போன சொத்து ஏறத்தாழ 3 கோடியே 60 லட்சம் பவுண்டு. பிரிட்டனில் அன்றுவரை யாரும் அவ்வளவு விட்டுச் சென்றதில்லை என்பார்கள். மகன் வெளிச்சத்துக்கு வராமல் கொறிப்பான்களைப் பற்றிப் பெரிய பெரிய தொகுதிகள் எழுதிக்கொண்டிருந்தார். இவருடைய அக்காள்தான் பிரைஹர். ஹெச்.டி.யின் வாழ்நாள் தோழி. 1921-ல் மரியன் மூரின் முதல் கவிதைத் தொகுதியை ஹெச்.டி.யோடு சேர்ந்து கொண்டுவந்தவர். சினிமாவுக்கென்று 'குளோஸ் அப்' என்ற பத்திரிகையை நடத்தியவர். பாரிஸில் சில்வியா பீச்சின் புத்தகக் கடைக்குக் கைகொடுத்தவர். ஒரே கப்பல் பணம் ஒரு பக்கம் நவீனக் கவிதைக்கும் இன்னொரு பக்கம் சேலத்துப் பாறை எலிக்கும் போயிருக்கிறது.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. படிமக் கவிஞர்கள் 1912, 13 வாக்கில் முன்வைத்த முதல் கட்டளையே, சொல்ல வந்த பொருளை நேராகக் கையாள் என்பதுதான். மரியன் மூரின் பிராணிக் கவிதைகளில் ஒரு மியூசியம் குமாஸ்தாவின் கண் இருக்கிறது. வாலின் நீளம், ரோமத்தின் நிறம், கால் ஊன்றும் விதம். இந்தக் கவிதை இயக்கம் 'எழுத்து' காலத்தில் நம்மிடம் வந்து சேர்ந்தது. எங்கள் சேலத்திலிருந்தே 1968-ல் 'நடை' வந்தது. வரும்போது நாம் எடுத்துக்கொண்டது வரிகளை உடைக்கும் முறையையும் தனிமனிதனின் கசப்பையும். அந்தக் கண்ணை எடுத்துக்கொண்டோமா? விதிவிலக்குகள் உண்டு, அவற்றை இதன் வாசகர்கள் அறிவார்கள். பொதுவில் நம் புதுக்கவிதையில் பறப்பது 'பறவை', நிற்பது 'மரம்', உதிர்வது 'இலை'. என்ன பறவை, எந்த மாதம், எந்த ஊர்க் கரடு என்று கேட்டால் கவிஞர் நம்மை இலக்கணம் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். அது குறியீடு என்கிறார். எதற்குக் குறியீடாக ஆக்குகிறோமோ அந்தப் பொருள் முதலில் கையில் இருக்க வேண்டாமா?

இந்த இடத்தில் பழம்பெருமைக்காரர்கள் சங்கக் கவிதையைக் கொண்டுவந்து வைப்பார்கள். வைக்கட்டும், அதில் நியாயம் இருக்கிறது. புறநானூற்றின் 152-ம் பாட்டில் வன்பரணர் கொல்லிமலை ஓரியின் ஒரே அம்பு போன வழியைச் சொல்கிறார்: யானை, புலி, புள்ளிமான், காட்டுப்பன்றி, கடைசியில் பக்கத்துப் புற்றில் கிடந்த உடும்பு. அம்பின் பராக்கிரமத்தை யாரும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் உடும்பைப் புற்றில் வைக்கிறானே, அவன் பார்த்தவன். அது ஒரு சீட்டு. குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களும் அப்படித்தான்.

பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். பூக்களின் பெயர் மிஞ்சியது, பல பூக்கள் எவை என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போயிற்று. உரைகளையும் அகராதிகளையும் புரட்டினால் 'ஒரு மரம்', 'மரவிசேடம்', 'ஓர் புள்' என்று வருகிறது. எங்கள் பக்கத்து அருங்காட்சியகத்து அட்டையை எழுதியவர் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. நெடிய ஒரு மரபில் நின்றுதான் 'பறவை' என்று எழுதினார். அவரிடம் உடல் இருக்கிறது, பெயர் இல்லை. நம்மிடம் பெயர் இருக்கிறது, உடல் இல்லை.

ஆக இதில் வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. அதே சமயம் அவன் செய்ததை மறப்பதற்கும் இல்லை. சர் வால்டர் எலியட் என்ற சென்னை சிவிலியன் அமராவதிச் சிற்பங்களைத் தோண்டினார். அவை லண்டன் போனதைப் பற்றி நாம் வருத்தத்தோடு பேசுகிறோம். அதே எலியட்டின் பெயரை ஒரு சின்னப் பிராணியும் சுமக்கிறது. அணிலைப் போன்ற உருவம், ஆனால் அணில் அல்ல. சேர்வராயனிலும் வாழ்கிறது. 1850-ல் வாட்டர்ஹவுஸ் 'எல்லியோட்டி' என்று பெயரிட்டார். 1913-ல் லியோன் அதற்குத் தனிப் பேரினம் வகுத்து 'அனத்தானா' என்றார். இந்த அனத்தானா லத்தீன் அல்ல. மூங்கில் அணத்தான் என்ற தமிழ்ப் பெயரிலிருந்து எடுத்தது. யாரோ ஒரு தமிழ் வாய் சொல்லி, யாரோ ஒரு துரை எழுதிக்கொண்ட சொல். அது இன்று உலகத்து விலங்கியல் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. திருச்செங்கோட்டில் நான் விசாரித்த பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பெயரும் ஒரு ஸ்பெசிமனாகிவிட்டது, லத்தீன் ஜாடிக்குள்.

சீட்டில் 'பிடித்தவர்' என்ற இடத்தில் துரையின் பெயர்தான் இருக்கும். வலை விரித்தவன், வளை எங்கே என்று காட்டியவன், தோலை உரித்து உப்பும் பாஷாணமும் தடவியவன் பெயர் இருக்காது. ஜெர்டன் 1848-ல் கண்டு அவர் பெயரையே தாங்கும் கல்பறவை ஒன்று 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல் போயிற்று. வெர்னே பயணக்காரர்களும் தேடினார்கள், கிடைக்கவில்லை. 1986-ல் பரத் பூஷண் என்ற ஆய்வாளர் கடப்பை வட்டாரத்து மக்களிடம் படத்தைக் காட்டி விசாரித்தபோது அவர்களிடம் அதற்குப் பெயரே இருந்தது: கலிவி கோடி. ஐத்தன்னா என்ற வேடர்தான் அதைப் பிடித்துக் கொடுத்தார். எண்பத்தாறு வருஷம் அறிவியலுக்கு இல்லாமல் போன பறவை அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு நாளும் இல்லாமல் போகவில்லை. பிடிபட்ட பறவை கூண்டிலேயே இறந்து பம்பாய்ச் சேகரிப்பில் இன்னொரு ஸ்பெசிமன் ஆயிற்று. இதிலிருக்கும் துக்கத்தையும் ஒதுக்கிவிடக் கூடாது.

எல்லாவற்றையும் பிடித்து வகைப்படுத்துகிற அந்தப் பழக்கம் பிராணிகளோடு நிற்கவும் இல்லை. 1885-லிருந்து 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் கடல் பிராணிகளில் தொடங்கி மனிதத் தலைகளுக்கு வந்து சேர்ந்தார். மூக்கின் அகலத்தையும் கபாலத்தின் நீளத்தையும் அளந்தார். அருங்காட்சியகத்தின் புல்லட்டின்களில் சிப்பிகளும் வந்தன, சேர்வராயன் மலையாளிகளும் வந்தார்கள். 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய ஜாதிகள் பற்றிய நூலை இன்றும் ஜாதிச் சங்கத்துக்காரர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். நாம் எலிக்குச் சீட்டுக் கட்டாமல் விட்டோம், மனிதனுக்குக் கட்டிய சீட்டை மட்டும் அறுந்துவிடாமல் காத்துவருகிறோம்.

பிறகு எதற்கு இந்தச் செத்த உடல்கள் என்று கேட்கலாம். ஒரே ஓர் உதாரணம். இங்கிலாந்தில் வல்லூறு இனத்தின் முட்டைகள் கூட்டிலேயே உடைவதன் காரணம் தெரியாமலிருந்தது. 1967-ல் ராட்கிளிஃப் என்பவர் பழைய சேகரிப்புகளில் கிடந்த முட்டை ஓடுகளை எடையிட்டுப் பார்த்தார். நாற்பதுகளின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துவிட்டிருந்தது. டி.டி.டி. புழக்கத்துக்கு வந்த காலம் அது. முட்டைகளைச் சேர்த்த பொழுதுபோக்குக்காரர்கள் யாருக்கும் பூச்சிமருந்தைப் பற்றிய எண்ணமே இருந்திருக்க முடியாது. அவர்கள் செய்த ஒரே உபகாரம் ஒவ்வொன்றின் மேலும் தேதியையும் ஊரையும் எழுதிவைத்ததுதான். எதிர்காலத்தில் வரும் கேள்வி என்னவென்று தெரியாமலே பதிலைப் பாதுகாப்பது ஒரு பண்பாட்டுக் காரியம். 1972-ன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு நினைத்தபடி சுட்டுச் சேர்க்க முடியாது. அது சரியும்கூட. ஆகவே இருக்கிற ஒவ்வொரு பழைய தோலும் இனித் திரும்ப வாங்க முடியாத பத்திரம்.

எங்கள் திருச்செங்கோட்டு மலைக்கு நாககிரி என்று பெயர். படியேறும்போது பாறையில் செதுக்கிய நீண்ட ஐந்துதலை நாகம் வரும். குங்குமமும் மஞ்சளும் பூசிப் பூசி அதன் உடல் மெருகேறிக் கிடக்கிறது. அதைத் தாண்டி அறுபதாம்படி. அங்கே நின்று சத்தியம் செய்தால் அது கோர்ட்டில் சொன்னதற்குச் சமம் என்று ஒரு காலத்தில் நடந்திருக்கிறது. பாம்பின் சாட்சியில் நம்பிக்கை வைத்த ஊர் இது. கல்லிலிருக்கும் பாம்பு நமக்குத் தெரியும். ஜாடியிலிருக்கும் பாம்பு தெரியாது. சுற்றியுள்ள கரடுகள் ஜல்லியாகவும் பலகைக் கல்லாகவும் லாரி ஏறுகின்றன. எங்கள் ஊர் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் பாறையைத் துளைக்கின்றன. ஊர் பிழைப்பது அதனால்தான், அதை நான் பழிக்கவில்லை. அந்தத் தொழிலுக்குக் கடன் கொடுக்கும் காகிதங்களில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரு கரடு போகும்போது எது எது போகிறது என்ற பட்டியல் ஊரில் ஒருவரிடமும் இல்லை. எல்வீராவின் மாதிரிக் கையெழுத்து இருக்கும் கிளை லண்டனில் இருக்கிறது. இன்று எந்தக் கிளைக் கையெழுத்தும் எந்தக் கிளையின் திரையிலும் தெரிகிறது. அருங்காட்சியகங்களும் தங்கள் இருப்பைக் கணினியில் ஏற்றிவருகின்றன. திரையில் தெரிவதை ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டும்.

மறுபடியும் அந்த அறைக்கு வருகிறேன். நான் அட்டையையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு காவலுக்கு இருந்த பெரியவர் கிட்டே வந்தார்.

"என்னங்க சார், அதையே பாக்கறீங்க?"

"இது என்ன பறவைங்க, ஐயா?"

"அதுங்களா? கல்கவுதாரிங்க. நாந்தானுங்க கொண்டாந்து குடுத்தேன். எங்க ஊருக் கரட்டுக்குக் கீழ தண்ணி குடிக்க வரும், காலம்பற. கம்பியில அடிபட்டுக் கெடந்துது."

"எந்த வருஷம்னு நெனப்பிருக்குதுங்களா?"

"எம் பெரிய பொண்ணு பொறந்த வருசமுங்க. ஐப்பசி. மழை விட்டு ரெண்டு நாளு."

ஊர், கரடு, மாதம், காரணம், கொண்டுவந்தவர். ஒரு சீட்டுக்கு வேண்டிய எல்லாமும் அலமாரிக்கு இரண்டடி தள்ளி ஒரு நாற்காலியில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் ஓய்வு என்றார். அந்தக் கரடு இப்போது இருக்கிறதா என்று கேட்டேன். பாதி இருக்குதுங்க என்றார்.

சட்டைப்பையிலிருந்த பணம் கட்டும் சலானின் பின்பக்கத்தில் அவர் சொன்னதை எழுதி, தேதி போட்டு, படித்துக் காட்டினேன். மாதத்தை மட்டும் திருத்தினார்: ஐப்பசி அல்ல, கார்த்திகை. பெண்ணின் பிறந்த வருஷத்தை வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். சலானை அலமாரிக்குள் வைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது ஒரு பிரதி எடுத்து, மேலே முறையாக ஒரு மனு எழுதி, அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவருவதாக இருக்கிறேன்.